எனக்கு வராத தேவ அழைத்தல்

எங்கள் வீட்டில் கவலைப்படுவதற்கு இடவசதி இல்லை. இரண்டு அறைகள், நடுவில் ஒரு சின்னக் கூடம், பின்னால் குசினி. ஓர் அறையில் அம்மாவும் அப்பாவும். மற்றதில் அக்காவும் அவருடைய இரண்டு பிள்ளைகளும், அத்தான் கட்டாரில். மிஞ்சியது கூடம். அதன் சுவரில் மாதா சுருவம் வைத்த பலகையும் அதற்கு மேலே எந்நேரமும் எரியும் நீல பல்பும். அந்தப் பலகைக்கு நேர் கீழேதான் என்னுடைய பாய். ஒருவன் அந்த இடத்தில் எழுந்து உட்கார்ந்தாலே முழந்தாளில் நிற்பவன் மாதிரித்தான் தெரிவான். பிறகு நடந்த அத்தனைக்கும் பாதிக் காரணம் இந்த வீட்டின் அமைப்பு என்று இப்போதும் நினைக்கிறேன்.

அப்பா ஐந்தாம் வகுப்போடு களக்கடலுக்கு, கரையோர ஆழமில்லாக் கடலுக்கு, தொழிலுக்குப் போனவர். நண்டு வலை, இறால் வலை. அம்மா எட்டாம் வகுப்பு. அக்கா சாதாரண தரத்தோடு நின்றவர். எங்கள் வீட்டில் மட்டுமல்ல, அப்பாவின் பக்கத்திலும் அம்மாவின் பக்கத்திலும் சேர்த்துப் பல்கலைக்கழகத்துக்குள் காலடி வைத்த முதல் ஆள் நான். பட்டம் கிடைத்து இரண்டாவது வருடம். அரச நியமனம் வரும் வரும் என்று காத்திருந்தபடி, பட்டணத்தில் ஒரு டியூட்டரியில் காலையும் பின்னேரமும் வரலாறு படிப்பித்துக்கொண்டிருந்தேன்.

பகலில் ஒன்றுமில்லை. பிள்ளைகளுக்கு முன்னால் நின்று, ஐரோப்பாவில் நடந்த ஒரு புரட்சிக்கு ஏழு காரணங்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கரும்பலகையில் எழுதுவேன். இரவு பத்தரைக்கு விளக்கை அணைத்ததும் தொடங்கும். நெஞ்சு கனக்கும். இதுவரை செய்தது எல்லாம் வீண், இனிச் செய்யப்போவதும் வீண் என்று ஒரு நினைப்பு வந்து உட்காரும். யாரும் ஏசவில்லை. காதல் தோல்வி இல்லை. பரீட்சையில் கோட்டை விடவில்லை. புரட்சிக்கு ஏழு காரணம் சொல்லத் தெரிந்தவனுக்கு இதற்கு ஒரு காரணம் சொல்லத் தெரியவில்லை. அந்தக் கனத்தைவிட அதுதான் எனக்கு எரிச்சலாக இருந்தது.

முதலில் கைத்தொலைபேசியைப் பார்த்தேன். அதில் என்னோடு படித்தவர்கள் எல்லோரும் எங்கேயோ பனியில் நின்று சிரித்துக்கொண்டிருந்தார்கள். அதைத் தூக்கித் தலையணைக்குக் கீழே வைத்தேன். ஓர் இரவு, வேறு செய்வதற்கு ஒன்றுமில்லாமல், சுருவத்தின் கையில் தொங்கிய செபமாலையைக் கழற்றி எடுத்தேன். பக்தியால் அல்ல. இருட்டில் செய்யக்கூடிய வேலை அது ஒன்றுதான்.

செபமாலையில் அருள்நிறைந்த மந்திரம் ஐம்பத்து மூன்று தடவை வரும். ஒவ்வொன்றிலும் "இப்பொழுதும்" என்ற சொல் வரும். சின்ன வயதிலிருந்து ஆயிரம் ஆயிரம் தடவை சொல்லியிருப்பேன், அந்தச் சொல்லை ஒருநாளும் கவனித்ததில்லை. அந்த நாட்களில் எனக்குத் தேவைப்பட்டது அது மட்டுமே. நாளைக்கு அல்ல, நியமனம் வந்த பிறகு அல்ல, இப்பொழுது. விரலுக்குள் ஒரு மணி, வாய்க்குள் ஒரு மந்திரம். மனதுக்கு ஒரு சில்லறை வேலை கொடுத்து வைத்தால் அது பெரிய வேலைக்குப் போகாது. சில இரவுகளில் மாலையின் மூன்றாவது பத்து மணிகளுக்குள் நித்திரை வந்துவிடும். சில இரவுகளில் இரண்டு தரம் முழுமாலையும் சொல்லி முடித்தும் கண் மூடாது. மாதாவோடு கோபித்துக்கொண்டு மாலையைப் பாய்க்குக் கீழே தள்ளிவிட்டுப் படுப்பேன். பத்து நிமிடம் கழித்து நானே தேடி எடுப்பேன்.

செபம் எனக்கு ஆறுதல் தந்தது என்று யாராவது எழுதினால் நம்பாதீர்கள் என்று சொல்லவும் மனம் வரவில்லை. தந்தது என்று சொன்னாலும் பொய்யாக இருக்கும். நேரத்தைத் தள்ளியது. அந்த வருடத்தில் அதுவே பெரிய உதவி.

இதை நான் ஒருவருக்கு மட்டும் சொன்னேன். பல்கலைக்கழகத்தில் என்னோடு படித்தவன். வட்டுக்கோட்டைப் பக்கம் தோட்டக்காரக் குடும்பம், சைவம். தொலைபேசியில் கேட்டுவிட்டுச் சொன்னான்.

"மச்சான், உது மனச்சோர்வு. எங்கடை வீட்டிலை எண்டா இதுக்குள்ளை ஒரு மண்டலம் விரதம் பிடிக்கச் சொல்லியிருப்பினம். நீ பேசாமல் ஒரு டொக்டரைப் பார்."

பிறகு ஒரு பட்டியலும் அனுப்பினான். நித்திரையின்மை. பசியின்மை. ஆட்களோடு பழகப் பிடிக்காமை. முன்பு பிடித்தவற்றில் ஆர்வமின்மை. காரணமில்லாமல் அழுகை. ஐந்தும் எனக்கு இருந்தன. பரீட்சையில் முழுப் புள்ளி எடுத்தவன் மாதிரி ஒரு கணம் இருந்தது. டொக்டரிடம் போவதற்கு மட்டும் கால் எழும்பவில்லை.

எனக்குத் தெரியாதது என்னவென்றால், அதே ஐந்தையும் இன்னொருவரும் கவனித்துக்கொண்டிருந்தார் என்பது. அவருடைய விடை வேறு.

ஒரு ஞாயிறு மத்தியானம். அப்பா கொண்டுவந்த பெரிய நண்டு, முருங்கையிலை போட்ட குழம்பு. நான் சோற்றைப் பிசைந்தபடி இருந்தேன்.

"ஏனப்பு, உனக்கெண்டுதானே காலெல்லாம் உடைச்சு வைச்சனான்," என்றார் அம்மா.

"வேண்டாமம்மா. பசிக்கேல்லை."

"நேற்றும் தின்னேல்லை."

"நேற்றும் பசிக்கேல்லை."

அக்கா தன் மகனுக்குச் சோறு தீத்திக்கொண்டே சொன்னார். "அவன் ஒருசந்தி இருக்கிறான் போலை."

ஒருசந்தி என்றால் ஒருவேளை மட்டும் சாப்பிட்டு இருக்கும் விரதம். தவசு காலத்தில் பெரிய வெள்ளிக்குக் கூட நான் அதை ஒழுங்காக இருந்ததில்லை. அக்கா பகிடிக்குத்தான் சொன்னார். அம்மா சிரிக்கவில்லை. என் சோற்றுக் கோப்பையை எடுத்து மெதுவாக மூடி வைத்தார். எங்கள் வீட்டில் நண்டை மீதம் விட்டவனுக்கு ஏச்சு விழாமல் இருந்ததென்றால், அந்த இடத்திலேயே நான் விழித்திருக்க வேண்டும்.

அதற்குப் பிறகு எல்லாமே ஒரே பக்கம் சாய்ந்தன. மைதானத்துக்குப் போவதை விட்டேன்; கிரிக்கெட் துடுப்பை எங்கள் ஒழுங்கைப் பெடியளுக்குக் கொடுத்தேன். எனக்குப் பந்தைப் பார்க்கவே அலுப்பாக இருந்தது. அம்மாவுக்கு அது உலகப் பற்றை விடுதல். பாசையூர்ப் பக்கமிருந்து ஒரு சம்பந்தம் வந்தது; "இப்ப வேண்டாம்" என்றேன். திருவிழாப் பூசையில், எல்லோரும் பாடிக்கொண்டிருக்கையில் எனக்குக் கண்ணீர் வந்தது. எதற்கென்று தெரியாது. பெண்கள் பக்கத்திலிருந்து அம்மா அதைப் பார்த்தார். பக்கத்தில் இருந்த மாமியின் முழங்கையை இடித்து அவருக்கும் காட்டினார்.

இதற்கெல்லாம் மேலே, இரவு. அப்பா மூன்று மணிக்குக் கடலுக்கு வெளிக்கிடுவார். அவருக்குத் தேத்தண்ணீர் வைக்க அம்மா இரண்டரைக்கு எழும்புவார். குசினிக்குப் போக என் கூடத்தைத் தாண்ட வேண்டும். நீல வெளிச்சத்தில், சுருவத்துக்குக் கீழே, கையில் செபமாலையோடு, வாய் முணுமுணுக்க உட்கார்ந்திருக்கும் மகன். அம்மா ஒன்றும் கேட்டதில்லை. சுருவத்தைப் பார்த்துச் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு கால் சத்தம் கேட்காமல் போய்விடுவார். அவர் என்னைக் கவனிக்கவில்லை என்றே நான் நினைத்தேன்.

முதலில் மாறியது ஒழுங்கை, எங்கள் வீடுகள் நிற்கும் சந்து. மூலை வீட்டு மாமி என்னைப் பிறந்த நாளிலிருந்து "டேய்" என்றுதான் கூப்பிடுவார். திடீரென்று "வாங்கோ தம்பி, போங்கோ தம்பி" என்றார். பாண்காரன் என்னிடம் மீதிக் காசு தருகையில் இரண்டு கையாலும் நீட்டினான். சந்தியில் நிற்கும் ஓட்டோக்காரப் பெடியன் என்னைக் கண்டதும் பாட்டை நிறுத்தினான். பெடியள் கூட்டமாக நின்று ஏதோ கதைத்துச் சிரித்துக்கொண்டிருப்பார்கள். நான் கிட்டப் போனால் மழையைப் பற்றிக் கதைப்பார்கள். ஏற்கனவே மனிதர்களோடு பழக முடியாமல் இருந்தவனுக்கு, கதைக்க இருந்த நாலு பேரும் இல்லாமல் போனார்கள்.

"அக்கா, எல்லாருக்கும் என்ன நடந்தது?" என்று கேட்டேன்.

அக்கா உடுப்பு மடித்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. "உனக்கு அழைத்தல் வந்திருக்கெல்லோ."

"என்ன அழைத்தல்?"

"தேவ அழைத்தல். குருமடத்துக்குப் போறதுக்கு. அம்மா முதலிலை சிஸ்டரிட்டைச் சொன்னவ. பிறகு பாதரிட்டை. பிறகு..." அக்கா கையால் ஒழுங்கையை முழுதாகச் சுற்றிக் காட்டினார். "இந்த மாதம் கடைசி வெள்ளிக்கிழமை அழைத்தல் முகாம். மூண்டு நாள். படிவமெல்லாம் நிரப்பிக் குடுத்தாச்சு."

"ஆர் நிரப்பினது?"

"நான்தான். அம்மாக்கு எழுத்துத் தெளிவில்லையெல்லோ."

"என்ரை பேரிலையோ?"

"பின்னை ஆற்றை பேரிலை? எனக்கோ அழைத்தல்?"

அம்மாவிடம் போனேன். அவர் முற்றத்தில் மீன் வெட்டிக்கொண்டிருந்தார்.

"அம்மா, எனக்கு அழைத்தல் ஒண்டும் இல்லை. நான் சாமியாரா வரமாட்டன்."

அம்மா கத்தியை நிறுத்தி என்னைப் பார்த்தார். கோபிக்கவில்லை. முகம் அப்படியே கனிந்துபோனது.

"தீர்க்கதரிசிமாரே முதல் மாட்டன் எண்டுதான் சொன்னவை ராசா."

"அம்மா, நான் சொல்லுறதைக் கேளுங்கோ."

"நீ கேள். எங்கடை ரெண்டு பக்கத்திலையும் ஆராவது படிச்சவையோ? கடலிலை கிடக்கிற சனத்துக்கை உன்னை மட்டும் ஆண்டவர் படிக்க வைச்சாரெண்டால் சும்மா வைச்சிருப்பாரோ? வேலைக்கும் இன்னும் கூப்பிடேல்லை. ஏன் கூப்பிடேல்லை? யோசிச்சுப் பார்."

அரசாங்கம் பட்டதாரிகளுக்கு நியமனம் கொடுக்காதது ஆண்டவரின் திட்டம் என்று இதற்கு முன்பு யாரும் எனக்கு விளக்கியதில்லை. வாதாட முடியாத இடம் அது. இல்லை என்றால் தாழ்ச்சி. கோபித்தால் சோதனை. பேசாமல் இருந்தால் மௌன தியானம்.

அதை உடைப்பதற்கு ஒரே வழி உண்மையைச் சொல்வது. அங்கேதான் நான் சிக்கினேன். எங்கள் ஒழுங்கையில் மனம் சரியில்லை என்று ஒருவன் சொன்னால் அவனுக்கு ஒரே ஒரு பெயர்தான் உண்டு: விசரன். என் நண்பன் அனுப்பிய மனச்சோர்வு என்ற சொல்லை இங்கே யாரும் வாயால் சொல்லிக் கேட்டதில்லை. சாமியாராகப் போகிறவன் என்று கும்பிட்ட ஆட்கள் அடுத்த நாள் விசர் என்று பிள்ளைகளை உள்ளே கூப்பிடுவார்கள். அம்மா அதைத் தாங்குவாரா என்று தெரியவில்லை. நான் தாங்குவேனா என்றும் தெரியவில்லை. முகாமுக்கு மூன்று வாரம் இருந்தது.

பங்குத்தந்தையிடம் போய்ப் பெயரை வெட்டச் சொல்லிவிட்டால் போதும் என்று நினைத்தேன். அவர் கோயிலோடு ஒட்டிய தன் அறைவீட்டு வாசலில் ஒலிபெருக்கிப் பெட்டியைத் திறந்து போட்டு, திருப்புளியோடு வியர்த்துக்கொண்டிருந்தார்.

"வாரும் தம்பி. உம்மைத்தான் பாத்துக்கொண்டிருந்தனான்."

"பாதர், எனக்கு அழைத்தல் இல்லை."

"எப்பிடித் தெரியும்?"

"எனக்குத் தெரியும் பாதர்."

அவர் ஒரு ஆணியை வாயில் கடித்தபடி என்னை மேலும் கீழும் பார்த்தார். "இரவிலை நித்திரை கொள்ளுறீரோ?"

"இல்லை."

"சாப்பாடு?"

"பெரிசா இல்லை."

ஆணியை வாயிலிருந்து எடுத்தார். "எவ்வளவு காலமா?"

"ஒரு வருசம் வரும்."

"தம்பி, உமக்கு அழைத்தல் இல்லை. நீர் டொக்டரிட்டைப் போக வேணும்."

எனக்கு அழுகை வந்தது. உடனே எரிச்சலும் வந்தது. "அதைத்தானே பாதர் நான் சொல்ல வந்தனான். அம்மாட்டை நீங்கள் ஒருக்கால் சொல்லுங்கோவன். உங்கடை சொல்லைக் கேப்பா."

"நான் சொன்னால் என்ன நடக்கும் தெரியுமோ? பாதருக்கு இந்தப் பெடியனிலை விருப்பமில்லை, தடுத்துப்போட்டார் எண்டு கரை முழுக்கக் கதைக்கும். போன வருசம் பாடகர் குழுவிலை ஒரு பிள்ளையை மாத்தினதுக்கே ரெண்டு மாதம் எனக்கு ஒருத்தரும் மீன் தரேல்லை. நீர் அம்மாட்டைச் சொல்லும். பிறகு நான் பேரை வெட்டுறன்."

"அப்ப செபமாலை? அதை விடவோ?"

"ஏன் விடுறீர்? செபத்தையும் சொல்லும், டொக்டர் தாற குளிசையையும் போடும். சரி, இந்த வயரை ஒருக்கால் இழுத்துப் பிடியும்."

வயரைப் பிடித்தேன். அம்மாவிடம் சொல்லும் வேலையைப் பாதர் திரும்ப என் தலையிலேயே கட்டிவிட்டார் என்று நினைத்துக்கொண்டே பிடித்தேன். ஒலிபெருக்கி கடைசிவரை வேலை செய்யவில்லை.

அதற்கடுத்த வாரம் எங்கள் முறை வந்தது. செபமாலை மாதத்தில் எங்கள் பங்கில் மாதா சுருவத்தை ஒவ்வோர் இரவும் ஒரு வீட்டுக்குக் கொண்டுபோவார்கள். எங்கள் அன்பியத்து வீடுகள், சேர்ந்து செபிக்கும் அயல் வீடுகள், எல்லாம் அங்கே கூடிச் செபமாலை சொல்லும். மாலையின் பத்துப் பத்து மணிகள் கொண்ட ஐந்து பகுதிகளுக்கும் முன்னால் ஐந்து பேர் ஆளுக்கொரு மன்றாட்டு வைப்பார்கள். வீட்டுக்காரர் நான்கு பேர், வெளியாள் ஒருவர் என்று அம்மா முன்கூட்டியே ஒழுங்கு பண்ணியிருந்தார். நாலாவது எனக்கு. பரீட்சை எழுதும் பிள்ளைகளுக்காக என்று சொல்லிவிட்டு இருந்துவிடலாம் என்று தீர்மானித்திருந்தேன்.

சனம் நிறைந்துவிட்டது. கூடத்தில் பெண்கள், முற்றத்தில் வாடகைக் கதிரைகளில் ஆண்கள். என் பாயைச் சுருட்டிக் கதவுக்குப் பின்னால் வைத்திருந்தார்கள். முதலாவது மன்றாட்டு மூலை வீட்டு மாமியுடையது. மகனுடைய விசாவுக்காக. எந்த நாட்டு விசா, எத்தனை தரம் மறுத்தது, எந்தக் கடதாசி குறைவு என்பதையெல்லாம் ஆண்டவருக்கு விளக்கமாகச் சொன்னார். இரண்டாவது அப்பா. "இழுவைப் படகு வந்து வலையை அறுக்காமல் இருக்க வேணும்," என்றார். அவ்வளவுதான். முற்றத்திலிருந்து ஆண்கள் இதற்குத்தான் உரத்த குரலில் ஆமென் சொன்னார்கள்.

மூன்றாவது அம்மா. எழுந்து நின்றார்.

"எங்கடை குடும்பத்துக்கு, எங்கடை கரைக்கு, ஆண்டவர் ஒரு குருவானவரைத் தெரிஞ்செடுத்திருக்கிறார். அந்த அழைத்தலிலை என்ரை மகன் உறுதியா நிக்க வேணுமெண்டு..." குரல் தழுதழுத்தது. பெண்கள் மூக்கைத் துடைத்தார்கள். அந்தப் பத்து மணியையும் அவர்கள் சொன்ன சொல்லில் கூரைத் தகரம் அதிர்ந்தது. ஒவ்வொரு மணியும் என்னைக் குருமடத்துப் பக்கம் ஓரடி தள்ளுவது மாதிரி இருந்தது.

என் முறை. எழுந்தேன். பரீட்சைப் பிள்ளைகள் வாய்க்குள் வரவில்லை.

"இரவிலை நித்திரை வராமல், மனம் விழுந்துபோய்க் கிடக்கிற ஆக்களுக்காக," என்றேன்.

சனம் மூச்சை இழுத்துக்கொண்டு செபத்தைத் தொடங்கப் போனது. அதற்குள் அம்மா புகுந்தார்.

"அப்பிடிப்பட்ட ஆக்களுக்கு என்ரை மகன் ஒரு நல்ல மேய்ப்பனா வந்து வழிகாட்ட வேணுமெண்டும்..."

"அம்மா!" நான் கத்திவிட்டேன். செபத்துக்கு நடுவில் யாரும் கத்துவதில்லை. "அந்த ஆளே நான்தானம்மா."

எல்லோரும் திரும்பினார்கள். இனி நிறுத்த முடியாது.

"எனக்கு அழைத்தல் இல்லை. ஒரு வருசமா எனக்கு மனம் சரியில்லை. இரவிலை நித்திரை வராது. அதுக்குத்தான் செபமாலை சொன்னனான். ஒருசந்தியும் இல்லை, ஒண்டுமில்லை. சாப்பாடு இறங்கேல்லை, அவ்வளவுதான்."

அந்தக் கூடத்தில் என்ன செய்வதென்று யாருக்கும் தெரியவில்லை. செபமாலைக்கு ஒழுங்கு உண்டு. இப்படி நடந்தால் அடுத்தது என்ன என்று அந்த ஒழுங்கில் இல்லை. அம்மா நின்ற இடத்திலேயே நின்றார். மெழுகுதிரி வைத்திருந்த அக்காவின் மகள் "மாமா அழுறார்" என்று அறிவித்தாள்.

முற்றத்திலிருந்து அப்பாவின் குரல் வந்தது. "சரி, மன்றாட்டு வைச்சாச்சு. சொல்லுங்கோவன். நாலாவது." அவரே தொடங்கினார். கடலில் ஆளுக்காள் கத்திப் பழகிய குரல். சனம் வேறு வழியில்லாமல் பின்னால் வந்தது. எனக்காக, எனக்கென்று தெரிந்துகொண்டு, அந்தப் பத்து மணியையும் முழு ஒழுங்கையும் சொன்னது. நான் சொல்லவில்லை.

அது முடிந்து கடலையும் தேத்தண்ணீரும் வந்தபோது நான் எதிர்பார்த்த அமைதி வரவில்லை. வைத்தியம் வந்தது. கடற்கரையில் ஏதோ பட்டிருக்கும், தீர்த்தம் தெளியுங்கோ என்றார் ஒருவர். கலியாணம் கட்டி வைத்தால் ஒரு மாதத்தில் சரியாகும் என்றார் இன்னொருவர். தலைக்கு நல்லெண்ணெய். போனைப் பறித்து வையுங்கோ. கனடாவுக்கு அனுப்புங்கோ. ஒரு வருடமாக ஒருவருக்கும் சொல்லாமல் நான் பொத்தி வைத்திருந்ததைக் கடலையோடு சேர்த்து மென்று முடித்தார்கள். விசர் என்ற சொல் வருகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். முற்றத்து மூலையில் யாரோ சொன்னார்கள் என்றுதான் நினைக்கிறேன். கேட்டது, ஆனால் நான் பயந்த அளவுக்கு அது என்னை ஒன்றும் செய்யவில்லை.

மூலை வீட்டு மாமி தேத்தண்ணீர்ப் பேணியை நீட்டிக்கொண்டு என்னிடம் வந்தார். "அப்ப நீ சாமியாரா வரேல்லையோ?"

"இல்லை மாமி."

"நிச்சயமா?"

"நிச்சயமா."

"அப்பாடா. மூண்டு கிழமையா வாங்கோ போங்கோ எண்டு நாக்குச் சுளுக்கிப்போச்சு. டேய், அந்தக் கதிரையளைத் தூக்கி அடுக்கடா."

தூக்கி அடுக்கினேன்.

எல்லோரும் போன பின்பு அம்மா குழாயடியில் பேணிகளைக் கழுவிக்கொண்டிருந்தார். ஒரே பேணியைத் திரும்பத் திரும்பக் கழுவினார். நான் பக்கத்தில் போய் நின்றேன்.

"ஊரெல்லாம் சொல்லிப்போட்டனே," என்றார்.

"அதுக்கு நான் என்னம்மா செய்யிறது?"

"எனக்கு ஏன் சொல்லேல்லை?"

அடக்கி வைத்திருந்ததெல்லாம் பொங்கியது. "எப்பிடிச் சொல்லுறது? சாப்பிடாட்டி ஒருசந்தி எண்டியள். அழுதால் பக்தி எண்டியள். கலியாணம் வேண்டாமெண்டால் துறவறம் எண்டியள். நான் செத்திருந்தால் புனிதர் பட்டத்துக்கு எழுதியிருப்பியள்."

சொன்ன பிறகுதான் கடைசி வசனத்தின் பாரம் எனக்கே விளங்கியது. அம்மா பேணியைக் கீழே வைத்தார். தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. நான்தான் குழாயை மூடினேன்.

"இரவிரவா உன்னைப் பாத்தனான்," என்றார். "இருட்டுக்கை பிள்ளை எழும்பி இருந்தால் தாய்க்குத் தெரியாதோ? ஏதோ ஒண்டெண்டு தெரியும். என்னெண்டு தெரியாது. அது நல்லதா இருக்கட்டுமெண்டு நினைச்சிட்டன்."

கோபமாகவே இருந்திருக்கலாம் என்று தோன்றியது. அது சுகமாக இருந்தது. பேணிகளை எடுத்துத் துடைக்கத் தொடங்கினேன்.

"டொக்டரிட்டைப் போக வேணுமெண்டு பாதர் சொன்னவர்," என்றேன்.

"பாதருக்கு முதலே தெரியுமோ?"

"ஓம்."

"பொறு, அவருக்கு இருக்கு," என்றார் அம்மா. அடுத்த இரண்டு மாதம் பாதரின் சட்டிக்கு எங்கள் வீட்டு மீன் போகவில்லை.

முகாமுக்குப் போக வேண்டிய வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரியின் மனநலக் கிளினிக்குக்குப் போனோம். தனியே போகிறேன் என்றேன். அம்மா திருவிழாவுக்குக் கட்டும் சேலையைக் கட்டிக்கொண்டு வாசலில் நின்றார். எங்கே போகிறோம் என்று பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர் கேட்டார், அவருக்குச் சொன்னார். இலக்கத் துண்டு கொடுக்கும் இடத்தில் நின்ற ஐயாவுக்குச் சொன்னார். நீள வாங்கில் உட்கார்ந்திருந்த கோப்பாய்ப் பக்கத்து அம்மா ஒருவருக்கு, அழைத்தல் என்று தான் பிழையாக நினைத்த கதையை முதலிலிருந்து சொன்னார். அழைத்தலை அறிவித்த அதே குரல், அதே வேகம்.

"அம்மா, கொஞ்சம் மெல்லக் கதையுங்கோ," என்றேன் பல்லைக் கடித்துக்கொண்டு.

"நீ ஒரு வருசம் மெல்லக் கதைச்சுக் கண்டது காணும்."

கோப்பாய் அம்மா தன் மகளைக் காட்டி, "இவவுக்கும் உதுதான் பிள்ளை," என்றார். அந்தப் பெண்ணும் என்னைப் போலவே நிலத்தைப் பார்த்தபடி, தாயின் சேலைத் தலைப்பை இழுத்துக்கொண்டிருந்தார்.

எங்கள் இலக்கம் வந்தது. உள்ளே தாதி ஒருவர் கொப்பியைத் திறந்து, "ஆருக்கு வருத்தம்?" என்று கேட்டார். நான் வாய் திறக்கும் முன்பே அம்மா கதிரையில் உட்கார்ந்துவிட்டார்.

"மகனுக்கு. மனம் சரியில்லை. ஒரு வருசமா நித்திரை இல்லை, சாப்பாடு இல்லை, காரணமில்லாமல் அழுகிறான்." தாதி எழுதிக்கொண்டே வந்தார். அம்மா எட்டி அந்தக் கொப்பியைப் பார்த்தார். "இரவிலை செபமாலை சொல்லுறவன். அதையும் எழுதுங்கோ."

தாதி பேனையை நிறுத்தி என்னைப் பார்த்தார். எழுதவா, வேண்டாமா என்று கேட்கும் பார்வை.

ஓம் என்று தலையாட்டினேன். எழுதினார்.